கூட்டுவதற்கென்று வாங்கிய திறப்பு

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிரியவதனி ரீச்சர் அதிபரிடம் போய்ப் புது அறைப் பூட்டின் திறப்பைக் கேட்டாள். கூட்டிக் கழுவப் போகிறாளாம். கனகசபை அதிபரும் மேசை லாச்சியை இழுத்து எடுத்துக் கொடுத்துவிட்டார். எட்டரை மாத வயிற்றோடு, திங்கட்கிழமை தொடக்கம் பிரசவ லீவில் போக இருக்கிற ஒருத்தி, பதினாலு மாதமாக ஒருவரும் கால் வைக்காத அறையைத் தும்புத்தடி பிடித்துக் கூட்டப் போகிறேன் என்றால், அதை நம்புவதற்கும் ஒரு தனி மனம் வேண்டும். அந்த மனம் எங்கள் அதிபரிடம் இருக்கிறது.

மடத்துவெளியில் எங்கள் பள்ளிக்கூடத்தைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் இருபத்துமூன்று பிள்ளைகள். முதலாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் பழைய கட்டடத்தில். மூன்று, நாலு, ஐந்து மூன்றும் சேர்ந்து பதினொரு பேர் பிரியவதனியிடம், மேற்குப் பக்கத் தகரக் கொட்டகையில். பத்து மணிக்கு மேல் அந்தத் தகரம் வெயிலில் நெளிந்து 'டிக் டிக்' என்று சத்தம் போடும். சத்தம் தொடங்கினால் தமிழ் முடிந்து கணிதம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கரும்பலகையில் வெளிச்சம் நேரே விழுவதால் எழுதியது ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் வரிசையாக இருக்கிற வாங்குகளில் ஒன்றுக்கு மூன்று கால். நாலாவது காலுக்குக் கல்.

கொட்டகைக்கு இருபதடி தள்ளிச் சீமெந்தில் புது அறை நிற்கிறது. உள்ளே முப்பது கதிரை, பதினைந்து மேசை, பச்சைப் பலகை, இரண்டு மின்விசிறி, கண்ணாடி போட்ட அலுமாரி. எல்லாம் சுவிஸில் இருக்கிற வாகீசனும் சகோதரங்களும் தங்கள் தகப்பன் அமரர் ஆழ்வாப்பிள்ளையின் ஞாபகார்த்தமாகச் செய்து தந்தவை. கதிரை ஒவ்வொன்றின் முதுகிலும் மேசை ஒவ்வொன்றின் முகப்பிலும் ஆழ்வாப்பிள்ளையின் பெயர். பலகைக்கு மேலே மாலை போட்ட அவருடைய படம். மனிசன் பதுளையில் கடை வைத்திருந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் என்று சொல்வார்கள், நான் சொல்லவில்லை.

இவ்வளவும் பொலித்தீன் உறை கழற்றாமல் பூட்டிக் கிடந்தன. ஏனென்றால் வாகீசன் வந்து நாடா வெட்ட வேண்டும். எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம்: கொடுத்தவன் வந்து பார்க்கிறபோது கொடுத்த பொருள் கொடுத்தபடியே இருக்க வேண்டும். ஒரு கீறல் கண்டாலும் அவன் மனம் நோகும். மனம் நொந்தால் அடுத்தது வராது. அதனால்தான் எங்கள் வாசிகசாலைப் புத்தகங்கள் ஒருவரும் விரிக்காமலும், தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் தண்ணீர் காணாமலும், சனசமூக நிலையத்துத் தையல் மெஷின் நூல் கோக்காமலும் பளபளவென்று இருக்கின்றன. வாகீசன் மூன்று தரம் வாறன் என்றான். முதல் தரம் வேலையில் லீவு இல்லை. இரண்டாம் தரம் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு. மூன்றாம் தரம் என்ன காரணம் என்று அவனும் சொல்லவில்லை, அதிபரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தரமும் அதிபர் கதவில் புதுச் சிவப்பு நாடா கட்டி, வெயிலில் அது வெளுக்கும் வரை பார்த்துக்கொண்டு இருந்ததுதான் மிச்சம்.

இனிப் பதில் ரீச்சர் கதைக்கு வருகிறேன். போன வருடம் பிரியவதனி டெங்குக் காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். வலயக் கல்வி அலுவலகம் அவளுக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியது. வந்தவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார், மறுநாள் வரவில்லை. இரண்டாவதாக வந்தவர் தகரம் 'டிக்' என்று சொன்ன கையோடு பத்தரை பஸ்ஸில் ஏறிவிட்டார். மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளும், பிள்ளைகள் மரத்துக்குக் கீழே கல் எறிந்துகொண்டு இருந்தார்கள். நாலு பேரைத் தாய் தகப்பன்மார் பஸ் ஏற்றிப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். போனவர்கள் போனவர்கள்தான். பதினைந்து பதினொன்றானது அப்படித்தான்.

இந்தத் தரம் வலயத்திலிருந்து முன்கூட்டியே கடிதம் வந்துவிட்டது. நிலாந்தி என்ற பதில் ஆசிரியை ஒருவர் அனுப்பப்படுவார். அவரும் நிற்காவிட்டால் வேறு ஆளில்லை. மூன்று வகுப்பும் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப்படும். அதாவது, பிரியவதனி பிள்ளையைப் பெற்று எண்பத்துநாலு நாள் லீவு முடித்து வரும்போது அவளுக்கு வகுப்பு இருக்காது. அந்தக் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. அதிபர் அவளுக்கு அதை வாசித்துக் காட்டிய சத்தம் என் கிணற்றடி வரை கேட்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூட வேலியை என் கிணற்றுக்குப் பக்கத்தில் போட்டது நானா?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஓட்டோ வந்து நின்றது. முதலில் அவளுடைய வயிறு இறங்கியது, பிறகு அவள், கடைசியாக ஏணியும் கையுமாகப் புருசன் பிரதாபன். பின்னால் பிள்ளைகள் ஆறேழு பேர். நான் வேலியடிக்குப் போனேன்.

"என்ன பிள்ளை, கூட்ட வந்தனீரோ, குடிபுக வந்தனீரோ?"

"ரெண்டுக்கும்தான் அக்கா. சும்மா நிக்காமல் உங்கட வாளியை இஞ்சால நீட்டுங்கோ."

நீட்டினேன். இதில் என்னுடைய பங்கு அந்த வாளி மட்டும். பிறகு ஊரில் வேறு விதமாகக் கதைத்தார்கள், அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

அவள் முதலில் கதவில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள். வெட்டவில்லை, மரியாதையாக அவிழ்த்துச் சுருட்டிக் கடித உறைக்குள் போட்டு 'வாகீசன் அண்ணைக்கு' என்று எழுதினாள். பிறகு குசினிக் கத்தியை எடுத்து முதலாவது கதிரையின் பொலித்தீனைக் கழுத்தில் வைத்துக் கிழித்தாள். அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிரதாபன் வாசலில் நின்று, "இஞ்சேரும், ஒண்டில மட்டும் இருந்து பாப்பம்… மிச்சத்தை விடுவம்," என்றான்.

"பிள்ளையள் பதினொரு பேரும் ஒரு கதிரையில இருக்கிறதோ? நீங்கள் ஏணியைப் பிடியுங்கோ."

முப்பது கதிரையும் உரிபட்டன. உரித்த பொலித்தீன் முற்றத்தில் இடுப்பளவுக்குக் குவிந்தது. அலுமாரிக்குப் பின்னால் ஒரு குளவிக்கூடு, மின்விசிறித் தட்டில் பல்லி முட்டை, பலகையின் மூலையில் கறையான் பிடித்த கோடு. ஒருவரும் பாவிக்காத அறையைப் பாவிக்கிறதற்கு ஆட்கள் இல்லாமலில்லை.

பிள்ளைகள் இருக்கப் பயந்தார்கள். ஐந்தாம் வகுப்பு ஆரூரன் படத்தைக் காட்டி, "ரீச்சர், உதில இருந்தால் அந்தத் தாத்தா ஏசமாட்டாரோ?" என்று கேட்டான்.

"அவர் கடைக்காரரடா. ஆக்கள் வந்து இருந்தால்தான் அவருக்குச் சந்தோசம்."

சொன்ன கையோடு படத்தைப் பலகைக்கு மேலிருந்து இறக்கிப் பின் சுவரில் மாட்டுவித்தாள். பலகைக்கு மேலே எழுத்து அட்டைகள் வரவேண்டுமாம். ஆழ்வாப்பிள்ளைக்கு அது ஒரு விதத்தில் உத்தியோக உயர்வு. பின்னால் நின்று யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று கவனிக்கலாம்.

அடுத்துச் செய்த வேலைதான் பெரிய வேலை. பதினொரு அட்டை வெட்டிப் பதினொரு பிள்ளைகளின் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி, மேசை முகப்புகளில் ஒட்டினாள். முகப்பில் ஏற்கெனவே அமரரின் பெயர் இருக்கிறது அல்லவா? அதற்கு மேலேதான்.

"பிள்ளை, செத்தவரின்ர பேரை மூடுறீர்," என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நாளையிண்டைக்கு வாற மனிசி இவை ஒருத்தரையும் முன்னப்பின்னக் காணாதவ. பதினொரு பேரையும் ஆழ்வாப்பிள்ளை எண்டு கூப்பிடவோ?"

பின்னேரம் வாளியைத் திருப்பி எடுக்கிற சாட்டில் உள்ளே போனேன். அலுமாரிக் கதவின் உட்பக்கம் நாலு பக்கக் கடிதம் ஒட்டியிருந்தது, பதில் ரீச்சருக்கு. கண்ணில் பட்டதை வாசிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. காலை வெயில் இடப்பக்க யன்னலால் வரும், எட்டரை வரை அதைச் சாத்தி வைக்கவும் என்று தொடங்கியிருந்தாள். மேனுகாவுக்குப் பார்வை மங்கல். கண்ணாடி இருக்கிறது, ஆனால் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பாள், கேட்டு வாங்கிப் போடச் சொல்லவும். ஆரூரனுக்கு வகுத்தல் கணக்கு என்றால் வயிற்றுக்குத்து வரும். பெருக்கல் வரை சுகமாக இருப்பான். மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் கத்த வேண்டாம், தொண்டை போய்விடும். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நாலாம் வகுப்பு மூன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டும், அவர்களுக்கு அது பழக்கம். பத்தேகாலுக்கு ஒரு வெள்ளை ஆடு வரும். துரத்த வேண்டாம், துரத்தினால் வகுப்பும் பின்னால் ஓடும். கடைசியில் இப்படி இருந்தது: 'வேலிக்கு அங்கால் நாகபூசணி அக்கா நிற்பார். கேள்வி கேட்பார். வகுப்பு நடக்கிறது என்று மட்டும் சொல்லவும்.'

கையெழுத்து நல்ல வடிவுதான்.

நான் மேசைகளும் பெயர் அட்டைகளும் தெரிய ஒரு படம் எடுத்து ஊர் வட்ஸப் குழுவில் போட்டேன். 'வடிவாய் இருக்குது' என்று கீழே எழுதினேன். அதில் என்ன கெட்ட எண்ணம்? குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் வாகீசனும் ஒருவன் என்று எனக்கு நினைவு இருந்ததா இல்லையா என்று இப்போது கேட்டுப் பிரயோசனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதிபர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் ஹாண்டில், மறுகையில் போன். போனுக்குள் வாகீசன் வீடியோவில் கத்திக்கொண்டே வந்தான். பிரியவதனி அந்த நேரம் அறையின் நிலத்தில் வெண்கட்டியால் நூறு வரைக்கும் எண்கோடு கீறுவித்துக்கொண்டு இருந்தாள்.

"சேர், எங்கட அப்பான்ர பேருக்கு மேல கடுதாசி ஒட்டியிருக்கு! இதுக்கோ நாங்கள் அனுப்பினது?"

"தம்பி, எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி, கூட்டத்தான் திறப்புக் குடுத்தனான்… ரீச்சர், என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

அவள் போனை வாங்கினாள். "வணக்கம் வாகீசன் அண்ணை. சாப்பிட்டாச்சோ?"

அந்தக் கேள்விக்கு அவன் ஆயத்தமாக இருக்கவில்லை. "இல்லை… இஞ்ச இப்பத்தான் விடியுது," என்றான். பிறகு தான் கோபமாக இருந்தது நினைவு வந்திருக்க வேண்டும். "தங்கச்சி, நான் ஆவணியில வாறன். டிக்கெட் போட்டாச்சு. அக்கா கனடாவில இருந்து வாறா. எல்லாத்தையும் பழையபடி வைச்சுப் பூட்டுங்கோ. ரெண்டு மாதம்தானே!"

"ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது?"

"பொலித்தீனை வெட்டிப்போட்டன். வெட்டினதைத் திருப்பிப் போட ஏலாது. மற்றது, நாளைக்குப் பதில் ரீச்சர் வாறா. அவவுக்கு இருக்க இடம் வேணும். இருக்க இடமில்லாட்டி அவ போயிடுவா. அவ போனால் இந்த வகுப்பு இல்லை."

"இவ்வளவு நாளும் எங்க படிச்சவை?"

"காட்டுறன்," என்று சொல்லி, போனை நீட்டிப் பிடித்தபடி வெயிலுக்குள் இறங்கிக் கொட்டகைக்கு நடந்தாள். தகரத்தைக் காட்டினாள். கல்லில் நிற்கிற வாங்கைக் காட்டினாள். "வடிவாய்ப் பாருங்கோ அண்ணை. பதினாலு மாதமாய் உங்கட கதிரைக்கு நிழல், பிள்ளையளுக்குத் தகரம்."

வாங்கைத் திரும்பக் காட்டச் சொன்னான். அவன் மனம் இளகிவிட்டது என்றே நான் நினைத்தேன். ஆனால் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி ஐந்து பேர் சேர்ந்து கொடுத்த பொருள். மற்ற நாலு பேருக்கும் இவன் பதில் சொல்ல வேண்டும்.

"இது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சரி, அது பிழைதான். எண்டாலும் பிரிச்ச சாமானை நான் எப்பிடித் திறந்து வைக்கிறது? ஆக்கள் சிரிப்பினம். சேர், நீங்கள் பூட்டுங்கோ. இல்லாட்டி நான் வலயத்துக்கு எழுதுவன்."

"எழுதுங்கோ அண்ணை," என்றாள் அவள். "பிரியவதனி பிரதாபன். விலாசமும் சொல்லட்டோ?"

அவன் வைத்துவிட்டான். அதிபர் கையை நீட்டித் திறப்பைக் கேட்டார். அவளும் கொடுத்துவிட்டாள். அது எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இவ்வளவு வாய் காட்டியவள் இப்படி விட்டுக்கொடுத்தால் வேலியில் நிற்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது? அதிபர் அதோடும் விடவில்லை. அவளிடம் இன்னொரு திறப்பு இருக்கும் என்று பயந்து, சந்திக் கடையில் தேங்காயளவு ஆமைப்பூட்டு ஒன்று வாங்கி வந்து அதைக் கொழுவிப் பூட்டினார். பழைய பூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அவள் கதவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். பூட்டைப் பார்க்கவில்லை. கதவின் மற்றப் பக்கத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அன்ரனிதாஸ் அண்ணை நாளைக்குக் கடலுக்குப் போறாரோ?"

அன்ரனிதாஸ் மேனுகாவின் தகப்பன். மீன் பிடிக்கிறவன், வள்ளம் திருத்துகிறவன். "இல்லை, என்ஜின் பழுது," என்றேன். இந்த ஒழுங்கையில் எது பழுது என்று என்னைத் தவிர யாரைக் கேட்பாள்?

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு ஓட்டோ வந்தது. ஆஸ்பத்திரிப் பை, தேத்தண்ணிப் போத்தல், தலையணை எல்லாம் உள்ளே. அன்றைக்கே வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரதாபன் முகத்தில் இரத்தம் இல்லை.

"பிள்ளை பிறக்கப்போகுதப்பா! தீவில இருந்து பாலத்தால போய்ச் சேர எவ்வளவு நேரம் வேணும்! நீர் இஞ்ச…"

"அது ஒண்டு. இஞ்ச பதினொண்டு. பத்து நிமிசம் பொறுங்கோ."

அன்ரனிதாஸ் சுத்தியலோடு நின்றான். பின்னால் நாலு தாய்மார். அவன் பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதை உடைச்சால் பொலிஸ் வரும்," என்றான்.

"ஆர் அதை உடைக்கச் சொன்னது? பூட்டு அதிபற்ற பூட்டு. அதில கை வைக்கக் கூடாது. இந்தப் பக்கம் வாங்கோ."

கதவு வெளிப்புறம் விறாந்தைக்குத் திறக்கிற கதவு. அதனால் கதவை நிலையோடு பிடித்திருக்கிற பிணைச்சல்கள் மூன்றும் வெளியே இருந்தன. அன்ரனிதாஸ் சிரித்தான். ஆணியை வைத்துக் கீழிருந்து தட்ட, பிணைச்சல் ஊசிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தாய்மார் நாலு பேரும் தாங்கி இழுத்தார்கள். இடப்பக்கம் திறக்க வேண்டிய கதவு, பூட்டையே பிணைச்சலாக்கிக்கொண்டு, வலப்பக்கமாகத் திறந்தது. கீழே ஒரு கல்லும் மூன்று கால் வாங்கும் அணை கொடுத்தார்கள். பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் உள்ளே ஓடிப்போய்த் தங்கள் தங்கள் பெயரைத் தேடி இருந்தார்கள்.

ஏழு இருபதுக்கு ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால், இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெட்டை. சேலைக் கரை முழுக்க உப்புத் தண்ணீர். பிழையான பக்கம் திறந்த கதவையும், சுத்தியலோடு நிற்கிற ஆளையும், பிள்ளைத்தாய்ச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது… பள்ளிக்கூடம்தானே?"

"ஓம். நிலாந்தியோ? வாங்கோ. கதவில சாயாதேங்கோ, விழும்."

காரைநகர்ப் பிள்ளை. நாலரைக்கு எழும்பி, ஸ்கூட்டியைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி ஊர்காவற்றுறைக்குக் கடல் கடந்து, அங்கிருந்து ஓட்டி வந்திருக்கிறாள். இவ்வளவையும் நான் ஒன்றரை நிமிடத்தில் கேட்டு எடுத்துவிட்டேன். பிறகு, "எவ்வளவு நாள் நிப்பீர் பிள்ளை?" என்றும் கேட்டேன். பிரியவதனி என்னைச் சுட்டெரிப்பது போலப் பார்த்தாள்.

நிலாந்தி ஒளிக்கவில்லை. "வலயத்தில ஒரு கிழமை சமாளியும், பிறகு கிட்டடியில மாத்தித் தாறம் எண்டு சொன்னவை."

இரண்டு நாள் தும்புத்தடி பிடித்தவள், சுவிஸுக்கே பதில் சொன்னவள் பிரியவதனி. அந்த ஒரு கிழமையோடு அவள் வாதாடப் போகவில்லை. "உள்ள அலுமாரியில எழுதி ஒட்டியிருக்கிறன். வாசியுங்கோ," என்று மட்டும் சொல்லி, ஓட்டோவுக்குள் போய் இருந்தாள். ஆனால் எடுக்க விடவில்லை. "அஞ்சு நிமிசம்," என்றாள்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் அதிபர் வந்தார். கையில் திறப்பு. கதவைக் கண்டதும் சைக்கிளை ஸ்ராண்ட் போடாமலே விட்டார், அது விழுந்தது.

"ஆர் உதைத் திறந்தது?"

"ஒருத்தரும் திறக்கேல்லை சேர்," என்றான் அன்ரனிதாஸ். "பூட்டித்தான் இருக்கு. பாருங்கோ."

அதிபர் திறப்பை நீட்டிக்கொண்டு பூட்டடிக்குப் போனார். உள்ளே இருந்து நிலாந்தி வாசலுக்கு வந்தாள்.

"சேர், திறப்பைப் போடாதேங்கோ. பூட்டைக் கழற்றினால் கதவு உங்கட காலில விழும்."

"நீர் ஆர்?"

"பதில் ரீச்சர். நிலாந்தி. வரவு இடாப்பு எங்க சேர் இருக்கு?"

அதிபர் திறப்பைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். தன் பூட்டைத் தானே திறக்க முடியாத நிலைமை முப்பது வருட உத்தியோகத்தில் அவருக்கு வந்திருக்காது. "இந்த அறைக்குள்ள வகுப்பு வைக்க அனுமதி இல்லை," என்றார் கடைசியில். "வகுப்பு கொட்டகையில. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அங்க போம்."

நிலாந்தி கொட்டகையை எட்டிப் பார்த்தாள். தகரம் அந்த நேரத்துக்கே மினுங்கத் தொடங்கியிருந்தது. பிறகு திரும்பி உள்ளே பார்த்தாள். பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள்.

"சரி சேர். அதை எழுதித் தாங்கோ."

"எதை?"

"கதிரை மேசை உள்ள அறை இருக்கு, அதைப் பாவிக்கக் கூடாது, பிள்ளையளைத் தகரத்துக்குக் கீழ வைச்சுப் படிப்பிக்கட்டாம் எண்டு. கையெழுத்தும் வைச்சுத் தாங்கோ. நான் உப்புத் தண்ணியில தோய்ஞ்சு வந்தனான், வெறுங்கையோட திரும்பிப் போகேலாது. வலயத்தில குடுத்திட்டுப் போறன்."

தாய்மார் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. எங்கள் அதிபரை எனக்குத் தெரியும். மனிசன் கெட்டவர் இல்லை. ஆனால் கையெழுத்து வைப்பது என்றால் ஆரூரனுக்கு வகுத்தல் கணக்கு மாதிரி. கந்தோர்ப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறியள் சேர்?"

"இடாப்பு எடுக்க," என்றார், பின்னால் பாராமலே.

ஓட்டோவுக்குள் பிரதாபன், "கண்டனீர்தானே? இனிப் போவம்," என்றான். பிரியவதனி அசையவில்லை. அதிபர் தோற்றது அவளுக்குப் பெரிதில்லை. ஒரு கிழமை என்று வந்தவள் இன்னும் ஒரு கிழமைக்காரிதான்.

அப்போதுதான் உள்ளே 'கிறீச்' என்று மேசை இழுபடும் சத்தம் கேட்டது. நான் யன்னலடிக்குப் போனேன். அந்தப் பெட்டை, வந்து கால் மணித்தியாலம் ஆகவில்லை, எல்லாவற்றையும் தலைகீழாக்கிக்கொண்டு இருந்தாள். மூன்று வரிசையாகப் பலகையைப் பார்க்க வைத்திருந்த மேசைகளை மூன்று வட்டமாக்கினாள். ரீச்சரின் மேசையை முன்னாலிருந்து பின் சுவருக்குத் தள்ளினாள், ஆழ்வாப்பிள்ளையின் படத்துக்கு நேர் கீழே. இடப்பக்க யன்னலைத் திறந்துவிட்டாள். எண்கோட்டின் மேல் அலுமாரி வந்து நின்றது. மேனுகா கேட்காமலே கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தன் மேசையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருந்தாள்.

இந்த விபரத்தை உடனே கொண்டுபோய் ஓட்டோவில் கொடுத்தேன். "பாத்தீரே பிள்ளை, உம்மட ரெண்டு நாள் வேலையும் போச்சு. ஒண்டும் விட்டு வைக்கேல்லை."

"என்ன? மேசையை மாத்துறாளோ?" அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் வகுப்பு வாரியா வைச்சது! பின்னால இருந்தால் பலகையில எப்பிடி எழுதுவாள்? உவளுக்கு ஆர் சொன்னது… யன்னலையும் திறந்திட்டாளோ? எழுதி வைச்சனான் அக்கா!" கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். பிரதாபன் தோளைப் பிடித்து அமர்த்தினான்.

அந்த நேரம் நிலாந்தியின் குரல் கேட்டது.

"அண்ணை, சுத்தியல் வைச்சிருக்கிறீங்கள்தானே? இஞ்ச இந்தச் சுவரில ரெண்டு ஆணி அடிச்சுத் தாங்கோ. ஒண்டு என்ர பைக்கு, மற்றது ஹெல்மெட்டுக்கு. கொஞ்சம் பெலமாய் அடியுங்கோ, ஒவ்வொரு நாளும் கொழுவ வேணும்."

புதுச் சுவர். பதினாலு மாதமாக ஒரு விரல் அடையாளமும் படாமல் காத்த சுவர். இடாப்போடு வந்துகொண்டிருந்த அதிபர் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

பிரியவதனி இறங்கவில்லை. காலை எடுத்து உள்ளே வைத்தாள். தலையணையை இழுத்து முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தாள்.

"மேசையை அவள் நினைச்சபடி வைக்கட்டும்," என்றாள். "ஒரு கிழமையில போறவள் சுவரில ஆணி அடிக்கச் சொல்லமாட்டாள். நான் வந்து திரும்ப மாத்திறன்." பிறகு பிரதாபனைப் பார்த்து, "என்ன வாய் பாத்துக்கொண்டு இருக்கிறியள்? எடுக்கச் சொல்லுங்கோ. எனக்கு நோகுது," என்றாள்.

எவ்வளவு நேரமாக நோகிறது என்று கேட்பதற்குள் ஓட்டோ திரும்பிவிட்டது. அன்ரனிதாஸ் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தான். சீமெந்து இறுகிய சுவர். முதலாவது ஆணி வளைந்து, இரண்டாவதுதான் இறங்கியது.